மூன்று மாத ஊசி: முதல் தடவை போட்டுக்கொள்ளப் போகிறீர்களா?

கருத்தடை என்று பேச்செடுத்தால் தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் இரண்டில் ஒன்றில்தான் போய் முடியும். முதல் பிரசவம் என்றால் காப்பர் டி, இரண்டாவது என்றால் ஆபரேஷன். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வைப் பார்த்தால், இங்கே திருமணமான பெண்களில் பாதிக்கு மேல் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், ஊசி போடுகிறவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறாது. அதனால் பக்கத்து வீட்டு அக்காவிடமோ அத்தையிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அவர்களுக்கும் தெரிந்திருக்காது. முதல் குழந்தைக்கு ஒரு வயது ஆகும்போது ஆரம்பித்து ஏழு ஊசி போட்டுக்கொண்டவள் நான். முதல் ஊசிக்கு முன்னால் என்னிடம் யாராவது சொல்லியிருக்கலாமே என்று பின்னால் நினைத்ததை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே ஒரு விஷயம். மாத்திரை பிடிக்கவில்லையா, நாளையிலிருந்து நிறுத்தலாம். காப்பர் டி ஒத்துவரவில்லையா, போய் எடுத்துவிடலாம். ஊசியை மட்டும் போட்டபின் திரும்ப எடுக்கவே முடியாது. ஒத்துக்கொண்டாலும் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் மூன்று மாதம் அது உடம்புக்குள்தான் இருக்கும், அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் அதன் வேலை ஓடும். அதனால் யோசிப்பது, கேள்வி கேட்பது எல்லாவற்றையும் ஊசிக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

ஊசிக்குள் என்ன இருக்கிறது

மருந்தின் பெயர் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் அசிடேட். சீட்டில் டி.எம்.பி.ஏ. என்று எழுதுவார்கள், மருந்துக்கடைக்காரர் டெப்போ என்பார், அரசு ஆஸ்பத்திரியில் அந்தரா ஊசி என்பார்கள். மூன்றும் ஒன்றுதான். ஒரு மில்லி, அதில் 150 மில்லிகிராம் மருந்து, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. கருவுற்ற புதிதில் "கரு தங்குவதற்கு" என்று சிலருக்கு ஒரு ஹார்மோன் ஊசி போடுவார்களே, அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம், அது வேறு.

நம் உடம்பிலேயே சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைப் போலச் செய்யப்பட்டது இது. தசைக்குள் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கலக்கும். மாதாமாதம் சினைப்பையிலிருந்து முட்டை வெளியே வர வேண்டுமென்றால் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி உத்தரவு கொடுக்க வேண்டும், இந்த மருந்து ரத்தத்தில் இருக்கும்வரை அந்த உத்தரவு வராது. முட்டை வராவிட்டால் கரு ஏது? அதோடு கருப்பை வாயில் இருக்கும் சளி கெட்டியாகி விந்தணு உள்ளே போகாமல் தடுக்கும், கருப்பையின் உள் சவ்வும் மெலிந்துவிடும். இந்த மெலிந்த சவ்வைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பீரியட்ஸ் நின்றுபோகிற கதைக்கு இதுதான் காரணம்.

சரி, எவ்வளவு நம்பலாம்? தேதி தவறாமல் போட்டுக்கொண்டால் ஒரு வருடத்தில் ஆயிரம் பெண்களில் இரண்டு பேருக்குக் கரு தங்கலாம். நிஜ வாழ்க்கையில், அதாவது தேதி மறப்பது, ஊருக்குப் போய்விடுவது எல்லாம் சேர்த்தால், நூற்றுக்கு நாலு பேர். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் முழுக்க நம் கையில் இருக்கிறது, மருந்தில் இல்லை.

முதல் வேலை: உங்களுக்கு இது சரிப்படுமா என்று பாருங்கள்

அடுத்த குழந்தை எப்போது என்று முதலில் உங்களையே கேளுங்கள். ஊசியை நிறுத்தியவுடன் கரு தங்கிவிடாது. கடைசி ஊசி போட்ட நாளிலிருந்து கணக்கு வைத்தால், பாதிப் பேருக்குச் சுமார் 10 மாதத்துக்குள் கரு தங்கும், மற்றவர்களுக்கு அதைவிடக் கூடுதலாகும், சிலருக்கு ஒன்றரை வருடம்கூட ஆகலாம். எத்தனை வருடம் போட்டீர்கள் என்பதற்கும் இந்தத் தாமதத்துக்கும் பெரிய சம்பந்தமில்லை, நிரந்தரமாகக் குழந்தை இல்லாமல் செய்துவிடும் என்ற பேச்சும் பொய். ஆனால் அடுத்த ஆறு மாதத்தில் குழந்தை வேண்டும் என்று யோசிக்கிறவர்களுக்கு இது ஏற்றதல்ல. எனக்கு முதல் ஊசி போட்ட தனியார் ஆஸ்பத்திரியில் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்றாவது ஊசியின்போது வேறு ஒரு டாக்டர் பேச்சுவாக்கில் சொல்லித்தான் தெரிந்தது. எனக்கு அவசரம் இல்லை, அதனால் பரவாயில்லை. அவசரம் இருக்கிறவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

அடுத்து உடம்பு. மார்பகப் புற்றுநோய் இருப்பவர்கள், முன்பு வந்து போனவர்கள் போடக் கூடாது. பிபி 160/100 அல்லது அதற்கு மேல் இருந்தால், பக்கவாதமோ மாரடைப்போ வந்திருந்தால், கல்லீரலில் கட்டியோ முற்றிய பாதிப்போ இருந்தால், சர்க்கரை நோய் கண், சிறுநீரகம் என்று இறங்கியிருந்தால் பொதுவாக டாக்டர் வேறு வழி சொல்வார். காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருந்தால் முதலில் அது என்னவென்று பார்த்துவிட்டுத்தான் ஊசி. ஏற்கெனவே ஒழுங்கில்லாத பீரியட்ஸ் இருக்கிறவர்கள் அதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாமல் சொல்லுங்கள், ஏனென்றால் ஊசி போட்டபின் எது ஊசியால் வந்தது, எது முன்பே இருந்தது என்று பிரிப்பது கஷ்டம்.

பால் கொடுக்கிறவர்கள் குழந்தைக்கு ஆறு வாரம் ஆனபின் போடலாம், பால் குறையாது. ஈஸ்ட்ரோஜென் என்ற ஹார்மோன் கலந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதில் அந்தச் சிக்கல் இல்லை, இதில் ஈஸ்ட்ரோஜென்னே கிடையாது. டிபி-க்கு ரிஃபாம்பிசின் எடுக்கிறவர்களுக்கும் சில வலிப்பு மாத்திரைகள் எடுக்கிறவர்களுக்கும் கருத்தடை மாத்திரையின் பலன் குறைந்துவிடும், இந்த ஊசியின் பலன் குறையாது. இது நிறையப் பேருக்குத் தெரியாத நல்ல செய்தி.

எங்கே போவது, எவ்வளவு ஆகும்

அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். அந்தரா என்ற பெயரில் 2017ல் மத்திய அரசு இதைத் தொடங்கியது. முதலில் பிறப்பு விகிதம் அதிகமாக இருந்த வட மாநில மாவட்டங்களில், பிறகு மற்ற மாநிலங்களுக்கும். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், இல்லாவிட்டால் வி.எச்.என். சிஸ்டரிடம் (கிராம சுகாதாரச் செவிலியர்) கேளுங்கள், எங்கே, எந்தக் கிழமை போடுகிறார்கள் என்று அவருக்குத்தான் சரியாகத் தெரியும். இருப்பு இருக்கிறதா என்று முந்தின நாளே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ்ஸுக்குச் செலவு செய்து போய், "ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க" என்று கேட்பது கொடுமை.

தனியாரில் மருந்துக்கு மட்டும் சில நூறு ரூபாய் ஆகும், கம்பெனியைப் பொறுத்து மாறும். அதோடு டாக்டர் ஃபீஸ், போட்டுவிடுகிற ஃபீஸ். வருடத்துக்கு நாலு தடவை என்பதால், ஒரு தடவைக்கு மொத்தம் எவ்வளவு ஆகிறது என்று கேட்டு நாலால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால், அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் போடும் காப்பர் டி 380ஏ பத்து வருடம் தாங்கும். பணத்தை மட்டும் பார்த்தால் தனியாரில் போடுகிற ஊசி அதற்கு முன்னால் நிற்காது. ஆனால் கருப்பைக்குள் எதையும் வைக்க விருப்பமில்லாதவர்களுக்கும், தினம் மாத்திரை போட்டு மறைத்து வைக்க முடியாதவர்களுக்கும் கணக்கு வேறு.

மறைத்து வைப்பது என்று எழுதும்போதே சொல்லிவிடுகிறேன். கணவரின் கையெழுத்தோ மாமியாரின் அனுமதியோ இதற்குத் தேவையில்லை. யாராவது கேட்டால், விதி அப்படி இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். வீட்டில் தெரிய வேண்டாம் என்றால், ஊசிக்குத் தரும் அட்டையை எங்கே வைப்பது, எந்த ஃபோன் நம்பரைக் கொடுப்பது என்று முன்பே யோசித்துவிடுங்கள்.

போடுகிற அன்று

பீரியட்ஸ் வந்த நாளை ஒன்று என்று எண்ணி, ஏழு நாளுக்குள் போட்டுவிட்டால் அன்றிலிருந்தே பாதுகாப்பு. அதைத் தாண்டினாலும், கர்ப்பம் இல்லை என்று உறுதியானால் எந்த நாளிலும் போடலாம், ஆனால் அடுத்த ஏழு நாள் காண்டம் அவசியம். கருக்கலைப்பு ஆனவர்கள் அன்றைக்கே போட்டுக்கொள்ளலாம்.

பிபி பார்ப்பார்கள், எடை பார்ப்பார்கள், கடைசி பீரியட்ஸ் தேதி கேட்பார்கள், சந்தேகம் இருந்தால் யூரின் டெஸ்ட். உள்ளே கைவிட்டுச் செய்யும் பரிசோதனை இதற்குக் கட்டாயமில்லை, அந்தப் பயத்தில் போகாமல் இருக்க வேண்டாம். முதல் ஊசிக்கு முன்னால் டாக்டர் பார்ப்பார், அடுத்தடுத்ததை சிஸ்டரே போடுவார். அன்றைக்கு உங்கள் எடையை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மருந்து பால் போல வெள்ளையாக, அடியில் படிந்திருக்கும். நன்றாகக் குலுக்கிவிட்டுத்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் முழு அளவும் ஊசிக்குள் வராது. கையின் மேல்புறத்திலோ இடுப்பின் பின்பக்கத்திலோ தொடையிலோ போடுவார்கள். வலி மற்ற ஊசி மாதிரிதான். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். தேய்த்தால் மருந்து சீக்கிரம் கலந்துபோய் மூன்று மாதம் தாங்காது. என் அம்மா ஊசி என்றால் உடனே தேய்த்துவிடுகிற ரகம், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினார், நான் கையைப் பிடித்துக்கொண்டேதான் வீடு வந்தேன்.

தோலுக்கடியில் போடுகிற 104 மில்லிகிராம் வகையும் உண்டு. ஊசி சின்னது, வலி குறைவு, வெளிநாடுகள் சிலவற்றில் பெண்கள் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். அந்த வகை என்றாலும் மூன்று மாதக் கணக்குதான்.

அடுத்த தேதி

அட்டையில் எழுதித் தருவார்கள். அதை ஃபோனில் ஏற்றுங்கள், ஒரு வாரம் முன்னதாக மணி அடிக்கிற மாதிரி. ஊருக்குப் போக வேண்டியிருந்தால் இரண்டு வாரம் முன்கூட்டியே போட்டுக்கொள்ளலாம், தவறிவிட்டால் நாலு வாரம் வரை தாமதித்தும் போடலாம். ஜனவரி 10ல் போட்டிருந்தால் அடுத்தது ஏப்ரல் 10. மார்ச் 27லிருந்தே போடலாம், மே 8ஐத் தாண்டக் கூடாது. அந்த நாலு வாரம் அவசரத்துக்கு உள்ளது, ஒவ்வொரு தடவையும் மே மாதம் போய் நிற்பதற்கு அல்ல. தாண்டிவிட்டால் டெஸ்ட் செய்து, கர்ப்பமில்லை என்று பார்த்து, மறுபடி முதல் ஊசி மாதிரி ஏழு நாள் காண்டத்தோடு ஆரம்பிக்க வேண்டும். தெரியாமல் கர்ப்பத்தோடு போட்டுவிட்டால் குழந்தைக்கு ஊனம் வரும் என்று பயமுறுத்துவார்கள், அப்படி எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை.

பக்கவிளைவுகள், ஒளிக்காமல்

நிறுத்துகிறவர்களில் பெரும்பாலோர் நிறுத்துவது ரத்தப்போக்குக் குழப்பத்தால்தான். முதல் மூன்று முதல் ஆறு மாதம் எப்போது வரும், எத்தனை நாள் வரும் என்று எந்தக் கணக்கும் இருக்காது. எனக்கு முதல் ஊசிக்குப் பிறகு 19 நாள் சொட்டு சொட்டாகப் பட்டுக்கொண்டே இருந்தது. அதிகமில்லை, ஆனால் பேடு வைக்காமலும் இருக்க முடியாது. கோயிலுக்குப் போவதா வேண்டாமா, விரதம் இருப்பதா வேண்டாமா என்று வீட்டில் தினம் ஒரு பஞ்சாயத்து. இது ஆபத்தில்லை, ஆனால் எரிச்சல். தாங்க முடியாவிட்டால் டாக்டரிடம் போங்கள், மெஃபனமிக் ஆசிட் மாதிரி மாத்திரை ஐந்து நாளைக்குத் தருவார்கள், பலருக்கு அது போதும். எட்டு நாளைக்கு மேல் கொட்டினாலோ வழக்கத்தைவிட இரண்டு மடங்கு போனாலோ காத்திருக்காதீர்கள்.

அப்புறம் நேர் எதிராக, நின்றே போய்விடும். ஒரு வருடம் போட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு பீரியட்ஸ் வராது, இரண்டு வருடம் ஆனால் இன்னும் அதிகம் பேருக்கு. இங்கேதான் ஊரே பேசும். "கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிடும், வயிறு ஊதிடும், கட்டி வரும்." மேலே சொன்ன மெலிந்த சவ்வை இப்போது நினைத்துப் பாருங்கள். மாதாமாதம் தடித்து வளர்கிற சவ்வு உதிர்ந்து வருவதுதான் பீரியட்ஸ். சவ்வு வளரவே இல்லை என்றால் உதிர என்ன இருக்கிறது? உள்ளே எதுவும் தேங்குவதில்லை. ரத்தசோகை இருக்கிற பெண்களுக்கு இது உண்மையில் நல்லது, ஹீமோகுளோபின் ஏறும். கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் குறைகிறது. ஆனாலும் பீரியட்ஸ் நின்றால் கர்ப்பமோ என்ற பயம் மனசை அரிக்கும். ஊசியைத் தேதிக்குப் போட்டிருந்தால் பயம் தேவையில்லை, நிம்மதிக்காக ஒரு யூரின் டெஸ்ட் செய்துகொண்டாலும் தப்பில்லை.

எடை. சராசரியாக வருடத்துக்கு ஒன்றிலிருந்து இரண்டு கிலோ. சராசரி என்றால் சிலருக்கு ஒன்றுமே ஏறாது, சிலருக்கு ஐந்து கிலோ ஏறும். முதல் நாள் எடையைக் குறிக்கச் சொன்னது இதற்குத்தான். முதல் ஆறு மாதத்தில் உங்கள் எடையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் கூடினால், அதாவது 60 கிலோ இருந்தவர் 63ஐத் தாண்டினால், அதற்குப் பிறகும் ஏறுகிற வாய்ப்பு அதிகம். அப்போதே வேறு வழி பற்றிப் பேசுங்கள்.

தலைவலி, மார்பு கனப்பது, ஆசை குறைவது, மனசு சோர்வது எல்லாம் சிலருக்கு வரும். ஏற்கெனவே மனச்சோர்வுக்கு மருந்து எடுத்தவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டு, கவனித்துக்கொள்ளுங்கள்.

எலும்பு விஷயம் கொஞ்சம் பெரியது. ஊசி போடும் காலத்தில் எலும்பின் அடர்த்தி குறைகிறது, நிறுத்தியபின் பெரும்பாலும் திரும்புகிறது. 2004ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதற்காகக் கறுப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை போட வைத்தது, வேறு வழி ஒத்துவந்தால் இரண்டு வருடத்துக்கு மேல் வேண்டாம் என்று. உலக சுகாதார நிறுவனம் 18லிருந்து 45 வயது வரை அப்படிக் கால வரம்பு தேவையில்லை என்கிறது. நான் இரண்டு வருடத்தை நெருங்கும்போது நிறுத்தினேன், அது என் முடிவு. நீங்கள் தொடர்வதாக இருந்தால் இரண்டு வருடம் ஆகும்போது டாக்டரோடு உட்கார்ந்து பேசிவிட்டுத் தொடருங்கள். 18 வயதுக்குக் கீழே, 45க்கு மேலே இருக்கிறவர்களும் அப்படித்தான்.

2024ல் பிரான்சிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. இந்த ஊசியை ஒரு வருடத்துக்கு மேல் போட்டவர்களுக்கு மெனிஞ்சியோமா என்ற மூளை உறைக் கட்டி வரும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கு மேல் என்று அது சொன்னது. ஐந்து மடங்கு என்றதும் பதறும், ஆனால் அந்தக் கட்டியே மிக அரிது, பெரும்பாலும் புற்றும் அல்ல, அரிதானதன் ஐந்து மடங்கும் அரிதுதான். ஏற்கெனவே அந்தக் கட்டி வந்தவர்கள் போட வேண்டாம். விடாத தலைவலி, பார்வை மங்கல் வந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். கால் வீங்கி வலித்தால், நெஞ்சு வலித்தால், கண் மஞ்சளானால், ஊசி போட்ட இடம் சீழ் வைத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பால்வினை நோய்களையும் எச்.ஐ.வி.யையும் இது தடுக்காது. அதற்குக் காண்டம் வேண்டும்.

சந்தேகப்படுகிறவர்கள் ஏன் சந்தேகப்படுகிறார்கள்

இதைப் படித்துவிட்டு யாராவது "அந்த ஊசியையா, அதை எதிர்த்துப் போராட்டமே நடந்ததே" என்று சொன்னால், அது வதந்தி அல்ல. 1985ல் அப்போதைய ஆந்திராவின் பட்டன்செருவில் நெட்-என் என்ற இன்னொரு கருத்தடை ஊசியைச் சோதிக்க முகாம் போட்டார்கள். வந்த பெண்களுக்கு அது சோதனை என்பதே சரியாகச் சொல்லப்படவில்லை என்று ஹைதராபாத்தின் ஸ்திரீ சக்தி சங்கடனா என்ற பெண்கள் அமைப்பும் மற்றவர்களும் 1986ல் உச்ச நீதிமன்றம் போனார்கள். டெப்போவுக்கு 1993ல் தனியார் விற்பனைக்கு அனுமதி கிடைத்தும், அரசுத் திட்டத்துக்குள் வர இருபது வருடத்துக்கு மேல் ஆனதற்கு அந்த எதிர்ப்பும் காரணம். அவர்கள் கேட்டதில் முக்கியமானது, என்ன போடுகிறீர்கள், என்ன ஆகும் என்று பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள் என்பது. அதை நீங்களும் கேட்கலாம். பிரசவ வார்டில், தையல் வலியோடு படுத்திருக்கும்போது ஒருவர் வந்து "இது போட்டுடலாமா" என்று கேட்டால், "யோசித்துச் சொல்கிறேன் சிஸ்டர்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

நிறுத்தும்போது

நிறுத்துவதற்கு எதுவும் செய்ய வேண்டாம், அடுத்த ஊசியைப் போடாமல் விட்டால் போதும். பீரியட்ஸ் திரும்ப சில மாதம் ஆகும், எனக்கு கடைசி ஊசியிலிருந்து எட்டு மாதம் ஆனது, அதுவும் முதல் இரண்டு தடவை வந்ததும் தெரியாமல் போனது. குழந்தை வேண்டும் என்று நிறுத்துகிறவர்கள் கடைசி ஊசியிலிருந்து ஒன்றரை வருடம் தாண்டியும் பீரியட்ஸ் வரவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். குழந்தை வேண்டாம், ஊசி மட்டும் வேண்டாம் என்கிறவர்கள், பீரியட்ஸ் இன்னும் வரவில்லையே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். முதல் பீரியட்ஸ் வருவதற்கு இரண்டு வாரம் முன்பே முட்டை வெளியே வந்துவிடலாம். அதனால் அடுத்த ஊசிக்கு எந்தத் தேதி குறித்திருந்ததோ, அன்றைக்கே காப்பர் டியோ மாத்திரையோ காண்டமோ ஆரம்பித்துவிடுங்கள்.